மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவே ஒரு வாரம்

சென்னை விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"சர்வதேச உறவுகள் படிப்பிக்கிறன்" என்றேன்.

அவர் கடவுச்சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "உறவுக்காரங்க யாராவது இங்க இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். "உறவே இல்லைன்றீங்க, ஆனா உறவு சொல்லிக் கொடுக்கிறேன்றீங்க" என்று சிரித்தபடி முத்திரை குத்தினார். என் துறையைப் பற்றி இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை எந்த ஆய்வு மாநாட்டிலும் நான் கேட்டதில்லை.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளியுறவுக் கொள்கை கற்பித்தே என் தலைமயிர் நரைத்துவிட்டது. ஒரு பெரிய நாட்டின் பக்கத்தில் சின்ன நாடு எப்படிப் படுத்துத் தூங்குவது என்பதுதான் என் பாடத்தின் சாரம். என் கணவர் பல் வைத்தியர். "உன்ர படிப்பால ஒரு சண்டையெண்டாலும் நிண்டிருக்கோ கௌரி?" என்று அடிக்கடி கேட்பார். அவர் பிடுங்கிய பல் பிடுங்கியதுதான். என் தொழிலில் அப்படிக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

சென்னைக்கு நான் வந்தது ஒருவரைச் சந்திக்க. பல வருடங்களுக்கு முன் எங்கள் இரு நாடுகளுக்கும் இடையில், பத்திரிகைகள் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வர்த்தகப் பேச்சுவார்த்தை நடந்தது. அந்த அறையில் மூலை நாற்காலியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம் அதிகாரி பிறகு தூதுவராக உயர்ந்து, ஓய்வுபெற்று, மயிலாப்பூரில் இருக்கிறார். பெயர் வரதன். அந்த அறையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் நடு அத்தியாயம் அவர் வாயைத் திறந்தால்தான் எழும். அவரும் தாராளமாக வாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

அடையாறில் ஒரு கல்லூரியில் என் துறையிலேயே பேராசிரியையாக இருக்கும் ஜெசிந்தா என் பழைய தோழி. வெள்ளிக்கிழமை தன் மாணவர்களுக்கு ஒரு விரிவுரை ஆற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு தங்குமிடத்துக்கும் அவளே ஏற்பாடு செய்திருந்தாள். "வரதன் சார் இருக்கிற அதே வீட்டுல கீழ் போர்ஷன்ல ஒரு ரூம். பேட்டி எடுக்கணும்னா நீ படியேறினா போதும்" என்றாள். எவ்வளவு வசதி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆட்டோவில் ஏறி முகவரியைச் சொன்னதும் ஓட்டுநர் முழித்தார். வரதன் பெயரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அம்பாசிடர் மாமா வூடா? அத்த சொல்லுமா மொதல்ல. வெள்ளக் காரு வச்சிகினு இருந்தாரே, அவுரு தானே? நீ இன்னா, கேரளாவா?"

"இல்லை, இலங்கை. அவருக்கு அந்தப் பேர் காரால வரேல்லை, அண்ணை. அவர் தூதுவரா இருந்தவர்."

"தூதா? யாராண்ட?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு தகரத் தடுப்பு குறுக்கிட்டது. மெட்ரோ ரயிலுக்காக மயிலாப்பூரைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். நேற்று இருந்த பாதை இன்று இல்லை. இன்று இருப்பதும் நாளைக்கு இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. கோயில் கோபுரம் வலப்பக்கம் வந்தது, இடப்பக்கம் வந்தது, பிறகு பின்பக்கமும் வந்தது. "சுத்திக்கினு தான் போணும்" என்றார் ஓட்டுநர். கோபுரத்தை இப்படி வலம் வந்ததில் எனக்குப் புண்ணியமும் அவருக்கு மீட்டரும் ஏறின.

கீழ்வீட்டுக்காரர் பத்மா மாமி. எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், மகன் பெங்களூரில். வாசலிலேயே, "வா வா கௌரி, காபி குடிக்கறியா?" என்றார். "ஓம்" என்றேன். "சக்கரை போடலாமோ?" "ஓம்." "குளிச்சுட்டு சாப்டறியா?" "ஓம்." மாலையில் யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது என் அறைக்குக் கேட்டது: "எதுக்கெடுத்தாலும் ஓம், ஓம்னு ஜபிச்சுண்டே இருக்கா. அப்படி ஒரு பக்தி!" எங்கள் ஊரில் 'ஆம்' என்பதைத்தான் அப்படிச் சொல்வோம் என்று விளக்கலாம் என்று பார்த்தேன். வீட்டு வாடகைக்காரியாக எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்ததால் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒலிப்பதிவுக் கருவியும் நானும் படியேறினோம். வரதன் கம்பிக்கதவைத் திறந்தார். மெலிந்த உயரமான உருவம், இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, வீட்டுக்குள்ளும் கைக்கடிகாரம். கைகூப்பினார். கூப்பிய கை பிரியாமலே உட்காரச் சொன்னார். பிறகு, "எங்க தங்கிண்டிருக்கேள்?" என்றார்.

"கீழதான்."

கூப்பிய கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"அப்படியா. அவாளோட எனக்கு ராஜதந்திர உறவு கிடையாது டாக்டர் கௌரி. உங்க பேர்ல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா அந்தாத்து விருந்தாளிய நான் மரியாதையா வரவேற்கறதுன்னா, அவா அதுக்கு வேற அர்த்தம் எடுத்துப்பா."

அண்ணனும் தங்கையும் அவர்கள். பேசுவதில்லை. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார். கீழே மோட்டார் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டால் மேலே குளியல். அதுதான் இரண்டு தரப்புக்கும் மிச்சமிருந்த ஒரே ஒத்துழைப்பு. படியிறங்கி வந்து ஜெசிந்தாவை அழைத்தேன். "ஐயோ கௌரி, அவங்க பேசிக்க மாட்டாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்? நான் 'ரூம் வாடகைக்கு'ன்னு வாசல்ல இருந்த போர்டைத்தான் பார்த்தேன்" என்றாள். வேறு இடத்துக்கு மாறலாமா என்று யோசித்தேன். மாறினால் மாமி மனம் நோகும். மாறாவிட்டால் அத்தியாயம் நோகும்.

புதன்கிழமை, மகள் கேட்ட துணிமணிக்காக மாமியோடு தி. நகர் போனேன். மாநகரப் பேருந்தில் நடத்துநரிடம் காசை நீட்டினேன்.

"லேடீஸ் ஃப்ரீமா."

"நான் வெளிநாட்டுக்காரி" என்றேன் நேர்மையாக.

"லேடீஸ் தானே?"

அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். குடியுரிமை பற்றி ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை.

தி. நகரில் கூட்டம் நம்மை நடத்திச் செல்கிறது, கால்கள் ஒப்புக்குத்தான். கொழும்பில் வெள்ளவத்தைக் கடைகளில் தீபாவளிக்கு முதல்நாள் இருக்கும் நெரிசல் இங்கே சாதாரணப் புதன்கிழமைக்கு இருக்கிறது. மாமி ஒரு கடையில் விலை கேட்டார், தலையாட்டினார், வெளியேறினார், அழைக்கப்பட்டார், திரும்பினார். நான் வகுப்பில் கற்பிக்கும் பேரம்பேசும் கோட்பாடுகள் அனைத்தும் அந்த ஐந்து செயலுக்குள் அடங்கிவிட்டன. பிறகு ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பொடி தோசை சாப்பிட்டோம். அங்கேதான் சண்டையின் காரணம் தெரிந்தது.

அந்த வெள்ளை அம்பாசிடர் கார் வரதனுடையதே இல்லை. மாமியின் கணவருடையது. அவர் இறந்த பிறகு அது வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. பேரன் பிறந்தபோது மாமி பெங்களூர் போனார். திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்துட்டான் கௌரி. எலி வந்துதாம். என்னை ஒரு வார்த்தை கேக்கலை." தோசையின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அன்னிலேர்ந்து பேசலை. நாலு வருஷமாச்சு. அடுத்த மாசம் நான் பெங்களூரோட போயிடப்போறேன். பையன் வந்து கூட்டிண்டு போறான். மேல மூச்சு விடாதே."

"அவருக்குச் சொல்லாமலா போறியள்?"

"அவன் சொல்லிட்டா குடுத்தான்?"

வியாழக்கிழமை எனக்கு மீன் வேண்டும்போல் இருந்தது. மாமியின் வத்தக்குழம்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தீவுக்காரிக்கு நாலு நாளாக மீன் இல்லையென்றால் கனவிலும் திருக்கை நீந்தத் தொடங்கிவிடும். மாமியிடம் நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். வரிசையாக மீன் வறுக்கும் கடைகள். கல்லின் முன் நின்ற பெண்மணி, "இன்னா வோணும்மா? வஞ்சிரம் கீது, சங்கரா கீது" என்றார். எங்கள் அறக்குளாதான் இங்கே வஞ்சிரம். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடித் திரும்பினேன்.

நாற்காலியில் வரதன் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு முழுச் சங்கரா. பாதி முடிந்திருந்தது.

இருவரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்தோம். அலைகூட ஒரு கணம் யோசித்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது.

"வெளிநாட்டுல இருந்தப்போ ஒட்டிண்ட பழக்கம்" என்றார். "கீழாத்துல சொல்லிடாதேங்கோ."

"நான் இப்ப நூலகத்தில இருக்கிறன்" என்றேன். "நீங்களும் சொல்லாதேங்கோ."

இரண்டு தரப்பிடமும் பேரழிவு ஆயுதம் இருந்தால் போர் வராது என்பது எங்கள் துறையின் பழைய கொள்கை. அது வேலை செய்வதை அன்றுதான் நேரில் கண்டேன். அவர் பக்கத்து நாற்காலியை எனக்காகத் துடைத்துவிட்டார். முள் எடுப்பதில் கெட்டிக்காரர். வீட்டைப் பற்றியோ பேச்சுவார்த்தையைப் பற்றியோ ஒரு சொல் பேசவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "நாளைக்கு உங்க லெக்சருக்கு வரேன். ஜெசிந்தா என்னைச் சீஃப் கெஸ்டா கூப்பிட்டிருக்கா" என்றார். அதை ஜெசிந்தா என்னிடம் சொல்லவே இல்லை.

அவளும் அறியாத ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் நான் புறப்படும்போது, பத்மா மாமி மொடமொடப்பான பருத்திப் புடவையில், கையில் குடையோடு வாசலில் நின்றார். "நீ பேசறதைக் கேக்கணும்னு ஆசையா இருக்கு."

என் விரிவுரையின் தலைப்பு, நாடுகள் எப்படி மன்னிப்புக் கேட்கின்றன என்பது. பல மாதங்களுக்கு முன்பே முடிவான தலைப்பு. நான் எந்தச் சதியும் செய்யவில்லை. வருத்தம் தெரிவிப்பது வேறு, தவறை ஒப்புக்கொள்வது வேறு என்று விளக்கினேன். 'உங்களுக்கு ஏற்பட்ட வேதனைக்கு வருந்துகிறோம்' என்று ஒரு நாடு சொன்னால், வேதனை உங்களுடையது, தவறு யாருடையது என்று சொல்லவில்லை என்பதே பொருள் என்றேன். முன்வரிசையில் வரதன் குறிப்பெடுத்தார். கடைசி வரிசையில் மாமி குடையை மடியில் வைத்திருந்தார். ஒருவர் வந்ததை மற்றவர் கவனிக்காததுபோல் கவனித்துவிட்டிருந்தார்கள்.

கேள்வி நேரம் வந்தது. சீஃப் கெஸ்ட் எழுந்தார்.

"ஒரு கற்பனைக் கேஸ். பொது எல்லையில ஒரு சொத்து கிடக்கறது. உபயோகம் இல்லை. சொந்தக்கார நாடு ஊர்ல இல்லை. அண்டை நாடு முன்கூட்டியே தகவல் அனுப்பிட்டு அதை அப்புறப்படுத்தறது. பதில் வரலைன்னா, ஒத்துண்டாச்சுன்னு எடுத்துக்கலாமா?"

நான் தண்ணீர் குடித்தேன். அதற்குள் கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது.

"தகவலை எப்படி அனுப்பினான்னு அந்த நாட்டைக் கேளு கௌரி. வாட்ஸ்அப்புல! அந்த நாட்டுக்கிட்ட அப்போ இருந்ததே பட்டன் ஃபோன்."

மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரதன் திரும்பவில்லை, என்னைப் பார்த்தே பேசினார். "அந்தச் சொத்துல எலி குடியிருந்தது."

"எலியும் அந்த நாட்டுப் பிரஜைதான்!"

அரங்கம் அதிர்ந்தது. நடுவரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கி, "மேம், இது எந்த ரெண்டு நாடு? எக்ஸாமுக்கு வருமா?" என்றாள். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் ஆறிவிடும் என்று அறிவித்தாள். நாடுகளைப் பற்றிப் பேசியே பிழைக்கும் நான், மேடையிலிருந்து இறங்கித் தேநீர் வரிசையில் ஒளிந்துகொண்டேன்.

கிளம்பும் நேரம், ஜெசிந்தா சொல்லிவைத்த வாடகைக் கார் வரவில்லை. கைபேசியில் அழைத்த கார்கள் மயிலாப்பூர் என்றதும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் ஒரு ஆட்டோ நின்றது. திங்கட்கிழமை வந்தவர்தான் இவரும் என்றால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் இவர் வேறு ஆள். "மூணு பேரும் ஒரே வூடு தானே, ஏறுங்க" என்றார். வரதன் வலப்பக்கம் ஏறினார். மாமி இடப்பக்கம் ஏறினார். நடுவில் நான். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே அகப்பட்ட இடைநாடுகளைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியவள் நான். அப்போது தெரியாதது, இடைநாட்டுக்குக் கைவைக்க இடமிருக்காது என்பது.

அடையாறு பாலம் தாண்டினோம். அதன்பின் மெட்ரோ வேலை, வண்டிகள் அசையவில்லை. வரதன் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், அவகிட்ட சொல்லுங்கோ. நடந்ததுக்கு நான் வருத்தப்படறேன்."

"எது நடந்ததுக்குன்னு கேளு கௌரி. இப்போதானே நீ லெக்சர்ல சொன்னே?"

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், அவங்க பக்கத்துல தானே குந்தினு கீறாங்க? நடுவுல இந்தம்மா இன்னாத்துக்கு? ஒரே வூட்ல இருந்துகினு..."

"அடுத்த மாசத்துலேர்ந்து இல்லைப்பா" என்றார் மாமி, அவரிடம். "நான் பெங்களூர் போறேன். ஒரேயடியா."

வரதனின் தோள் என் தோளில் உரசிக்கொண்டிருந்தது. அது இறுகியதை உணர்ந்தேன். முன்பக்கம் குனிந்து, என்னைத் தாண்டி, தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"எப்போடி முடிவு பண்ணினே?"

மாமி வெளியே பார்த்தார். "நான் சாயங்காலம் சாயங்காலம் அந்தக் கார்ல போய் உக்காந்துப்பேன். அவர் சீட்டுக்குப் பக்கத்துல. உனக்கு அது தெரியாது. உனக்கு எலிதான் தெரிஞ்சுது."

"தெரியும்." அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். "மேல ஜன்னல்லேர்ந்து தினம் பார்ப்பேன். நீ கதவைச் சாத்திண்டு உக்காந்திருப்பே. ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் என்னை ஏர்போர்ட்ல கொண்டு விட்டது அந்தக் கார்தான், அதை ஓட்டின உன் ஆத்துக்காரர்தான். என்னால அதைப் பார்க்க முடியலை, பத்மா. எலின்னு சொல்லிட்டேன். தப்பு. உன்னைக் கேக்காம பண்ணினது தப்பு."

மாமி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். நான் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இல்லாதவள்போல் இருக்க முயன்றேன். பின்னால் ஒரு பேருந்து ஒலி எழுப்பியது. ஓட்டுநர் திரும்பி, "இர்றா, பேசிக்கினு இருக்காங்க" என்று பேருந்தைப் பார்த்துக் கத்தினார்.

வீடு வந்து இறங்கியதும் மாமி அண்ணனிடம், "காலைல கீழ வா. அவளுக்குப் பேட்டி குடு. பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கீழ்வீட்டுக் கூடத்தில் பேட்டி நடந்தது. நான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். அந்தப் பேச்சுவார்த்தையில் உருவான ஒப்பந்தத்தில் ஒரு சிக்கலான விஷயம் பற்றி ஒரு பத்தியே இல்லை. அதைத் 'திட்டமிட்ட மௌனம்' என்று நான் வருடா வருடம் கற்பித்து வருகிறேன். அந்த மௌனம் யாருடைய யோசனை?

வரதன் கூரையைப் பார்த்தார். "மௌனமா? சாப்பாடு வந்துடுத்து டாக்டர். ரெண்டு தரப்புக்கும் நல்ல பசி. இதை அப்புறம் பார்த்துக்கலாம்னா. சாப்பிட்டதும் தூக்கம் வந்துடுத்து. அப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்லை."

"பசி வந்தா இவனுக்கு ஒண்ணும் ஓடாது" என்று மாமி சமையலறையிலிருந்து சாட்சி சொன்னார். "அதான் வியாழக்கிழமைன்னா பீச்சுக்குப் போய் மீனைத் தின்னுட்டு வரான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுண்டிருக்கான்." பிறகு எட்டிப் பார்த்து, "லைப்ரரி நன்னா இருந்துதா கௌரி?" என்றார்.

நானும் தூதுவரும் தலையைக் குனிந்துகொண்டோம். என் நடு அத்தியாயம் சரிந்ததா எழுந்ததா என்று இன்னமும் தெரியவில்லை. நிச்சயம் பழைய மாதிரி இராது.

ஞாயிற்றுக்கிழமை காலை, விமான நிலையத்துக்கு வண்டி வந்தது. பெங்களூர் என்னவாயிற்று என்று மாமியிடம் மெதுவாகக் கேட்டேன். "பார்க்கலாம். அவன் கொஞ்ச நாள் தவிக்கட்டுமே" என்றார். வரதன் என் பெட்டியைத் தூக்கவிடாமல் தானே தூக்கப் பார்த்து, முடியாமல், ஓட்டுநரிடம் விட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன்.

"கோட்டூர்புரம் வழியா கிண்டி போயிடுப்பா" என்றார் வரதன்.

"கிண்டியா? அங்க நின்னா ஃப்ளைட் போயிடும்" என்றார் மாமி. "வேளச்சேரி, ஆதம்பாக்கம்னு போகச் சொல்லு."

"உனக்கு ரூட்டைப் பத்தி என்னடி தெரியும்? நீ கடைசியா எப்போ ஏர்போர்ட் போனே?"

"நாலு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா, முதல்ல வரதே அதிகாரம்!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். இருவரும் கார் கதவுக்கு இரு பக்கமும் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிளம்பட்டுமாக்கா?"

"கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை" என்றேன். "அவை கதைச்சு முடிக்கட்டும்."